பழைய அமெரிக்க மஸ்கட் துப்பாக்கி கைக்கு வந்தால்: தேய்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

போன மாதம் ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினார். மாசசூசெட்ஸில் அவர் புதிதாக வாங்கிய வீட்டின் பரணில், பழைய திரைச்சீலைக் கம்பிகளோடு சேர்த்துச் சாத்தி வைத்திருந்ததாம். தோள் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி, குழல் முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம், கட்டையில் யாரோ கத்தியால் கீறிய இரண்டு எழுத்து. கூடவே ஒரு கேள்வி: "இதை எதைப் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வரும்?" உடனே கூப்பிட்டேன். "எதையும் போடாதீங்க. முதல்ல கையில இருக்கிற துணியைக் கீழ வைங்க."

அன்றைக்கு ஃபோனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பழம்பொருள் ஆசை உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். எஸ்டேட் சேல், ஏலம், பக்கத்து வீட்டுத் தாத்தா காலி செய்யும் கராஜ் என்று ஏதாவது ஒரு வழியில் இப்படி ஒன்று வந்து சேரும். வந்த அன்றே, ஆர்வத்தில், அரை மணி நேரத்தில் அதன் சரித்திரத்தையே அழித்துவிடலாம். நானே அழித்திருக்கிறேன். என் முதல் துப்பாக்கியின் பூட்டுத் தகட்டை இரும்பு நாரால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன், அதில் இருந்த கழுகு முத்திரையின் பாதி அந்தக் கறுப்புத் தண்ணீரோடு போய்விட்டது. அது திரும்ப வராது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, இதை எழுதக் காரணமும் அதுதான்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட சக்கிமுக்கிக் கல் மஸ்கட், அதாவது பிளிண்ட்லாக். வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்து, கல்லும் எஃகும் உரசிய பொறியில் சுடுவது. மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் 1795-இல் தயாரிப்பு தொடங்கியது. சில ஆண்டுகளில் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலும் தொடங்கினார்கள் (அந்த ஊர் இப்போது மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது). சுதந்திரப் போரில் பிரான்ஸ் நிறையத் துப்பாக்கிகள் அனுப்பி உதவியிருந்தது, அதனால் அந்த ஷார்ல்வில் துப்பாக்கியைப் பார்த்தே இவர்களும் செய்தார்கள். குழல் துளை .69 அங்குலம், கிட்டத்தட்ட 17.5 மில்லிமீட்டர். உங்கள் கட்டைவிரலை நுழைத்துப் பார்க்கத் தோன்றும், வேண்டாம்.

1795, 1812, 1816, 1835, 1840 என்று மாடல்கள் மாறி மாறி வந்தன. இதில் புதியவர் கைக்கு வர அதிக வாய்ப்புள்ளது 1816 மாடல்தான். இரண்டு அரசு ஆலைகளிலும் சேர்த்தே ஆறரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், தனியார் ஒப்பந்தக்காரர்கள் செய்தது தனி. அமெரிக்காவில் இதைவிட அதிகமாக வேறெந்த பிளிண்ட்லாக்கும் செய்யப்படவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் அதையே முன்னால் வைத்துச் சொல்கிறேன்.

பேர்கள் தெரிந்தால்தான் மேலே பேச முடியும். கல்லைக் கவ்விக்கொண்டு முன்னால் அடிக்கும் வளைந்த பகுதிக்கு நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குதிரை என்பார்கள். ஆங்கிலத்தில் அதே பகுதி காக், சேவல். எனக்குக் குதிரைதான் பிடித்திருக்கிறது. குதிரை போய் மோதும் எஃகு மூடிக்கு ஃப்ரிஸன் என்று பேர். அந்த மூடியின் கீழே ஒரு சின்ன மருந்துக் கிண்ணம், 1816 மாடலில் அது பித்தளை. கிண்ணத்தை ஒட்டிக் குழலின் பக்கவாட்டில் ஊசித் துளை மாதிரி ஒரு பற்றவைக்கும் துளை. விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, கல் ஃப்ரிஸனைச் சுரண்டி, எஃகின் மெல்லிய துகள்கள் எரிந்துகொண்டே கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து பற்றும், அந்தத் தீ துளை வழியாக உள்ளே போகும், அப்புறம் வெடி. இந்த இயந்திரம் முழுவதும் பதிந்திருக்கும் தகட்டைப் பூட்டு என்கிறோம்.

முதல் வேலை: கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது

இதைச் செய்யாமல் அடுத்த பத்திக்குப் போகாதீர்கள். "இருநூறு வருஷத்துப் பொருள், இதுல என்ன இருக்கப் போகுது" என்று எல்லோரும் சொல்வார்கள். கருமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் கெடாது. கெட்டித்தபடியே சுவரில் மாட்டி, மூன்று தலைமுறை கடந்து வரும் துப்பாக்கிகள் உண்டு.

யாரும் இல்லாத பக்கமாக வாயைத் திருப்பிப் படுக்க வையுங்கள், நீங்களும் வாய்க்கு நேரே நிற்காதீர்கள். ஃப்ரிஸனை முன்னால் தள்ளித் திறந்து வையுங்கள், தப்பித் தவறிக் குதிரை விழுந்தாலும் பொறி வராது. குதிரை முழுசாகப் பின்னால் இழுபட்டு நிற்கிறது என்றாலோ, கல்லுக்குப் பதில் குழல்மேல் ஒரு சின்னக் குமிழும் அதன் தலையில் செப்புத் தொப்பியும் இருக்கிறது என்றாலோ அதோடு நிறுத்திக்கொண்டு, வாய்வழித் துப்பாக்கி தெரிந்த ஒரு கன்ஸ்மித்தை, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரை, கூப்பிடுங்கள்.

அப்படி இல்லையென்றால் மரக்கம்பு ஒன்று வேண்டும். வன்பொருள் கடையில் அரை அங்குலக் கனத்தில், நாலடி நீளத்தில் உருண்டைக் கம்பு கிடைக்கும், டவல் என்று கேளுங்கள். துப்பாக்கியோடு வந்த இரும்புக் கெஜக்கோலை, அதாவது மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் கம்பியை, இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கம்பை வாய்வழியாக மெதுவாக விட்டு, அடியில் தட்டும் இடத்தில் நிறுத்தி, குழல் வாய்க்கு நேராகக் கம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய்க்கு நேரே வருமாறு குழலுக்கு வெளியே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பின் நுனி பற்றவைக்கும் துளை வரை வந்தால் உள்ளே காலி. ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. பழைய துணியாகவோ குளவிக் கூடாகவோ இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டா ஒன்றின் மருந்தும் குண்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம்தான் அடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சத்தத்தையும் கேளுங்கள்: காலிக் குழலில் மரம் இரும்பில் பட்டு 'டக்' என்று வரும், அடைப்பு இருந்தால் 'தொப்' என்று அமுங்கும்.

என் இரண்டாவது துப்பாக்கியில் 'தொப்' என்றுதான் வந்தது. கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். அவர் முதலில் துளை வழியாக எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைக்கலாம் என்றார், அப்புறம் யோசித்து வேறு வழியில், காற்றழுத்தம் கொடுத்து வெளியே தள்ளினார். முதலில் மக்கிய காகிதம், பிறகு சாம்பல் பூத்த ஈயக் குண்டு, கடைசியில் இரண்டு ஸ்பூன் கறுப்புத் தூள். அதில் ஒரு சிட்டிகையை வெளியே சிமெண்ட் தரையில் வைத்து நீளத் தீக்குச்சியால் தொட்டார். 'புஸ்' என்று ஒரு வெள்ளைப் புகை. எங்கள் வரவேற்பறையில் இரண்டு வாரம் அது சோபாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றிருந்தது, என் மகன் அதன் முன்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறான். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அடைப்பை நீங்களே எடுக்க முயற்சிக்காதீர்கள்.

சட்டம், சுருக்கமாக

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள் வகையில் வரும், சாதாரணத் துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாடுகள் அதற்குப் பொருந்தாது. ஆனால் மாநிலச் சட்டம் வேறு, சில நகரங்களின் விதி இன்னும் வேறு. உங்கள் மாநிலத்தில் என்ன என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோய் அப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்ற ஆசை வரும். இந்திய ஆயுதச் சட்டமும் சுங்கமும் இதை அலங்காரப் பொருளாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம், அந்த எண்ணம் இருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அடுத்து: அளப்பது

அதே கம்பு, அதே பென்சில் கோடு. 1816 மாடலின் குழல் 42 அங்குலம். 1795 மாடல் அதைவிடக் கொஞ்சம் நீளம், 44 அங்குலத்துக்கு மேல் வரும். இந்த அளவு உங்களுக்கு உடனே ஒரு விஷயம் சொல்லிவிடும். ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கிகளைப் பண்ணைக்காரர்கள் வாங்கி, குழலை வெட்டிக் குட்டையாக்கி, வாத்து சுடவும் முயல் சுடவும் பயன்படுத்தினார்கள். 36 அங்குலம்தான் வருகிறது, வாய்க்குப் பக்கத்தில் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் சின்ன இரும்புக் குமிழ் இல்லை, கட்டையும் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் அப்படி ஒரு வேட்டை வாழ்க்கை அதற்கு இருந்திருக்கிறது. விலை குறையும், அவ்வளவுதான். எனக்கு அந்த வகையும் பிடிக்கும்.

குழலைக் கட்டையோடு பிடித்திருக்கும் பட்டைகளை எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டும். மேல் பட்டை இரட்டை வளையமாக இருக்கும், குறிபார்க்கும் சின்னப் பித்தளை மணி அதன்மேல் இருக்கும்.

முத்திரைகளைப் படிப்பது

இந்த வேலையில் எனக்கு அலுப்பே வராத பகுதி இது. வேண்டியது ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு இருட்டறை. டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். தகட்டுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒளி மேற்பரப்பை வருடிக்கொண்டு போவது மாதிரி பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் துருவாகத் தெரிந்த இடத்தில் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும்.

பூட்டுத் தகட்டில் குதிரைக்கும் ஃப்ரிஸனுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு கழுகோ ஒப்பந்தக்காரரின் பேரோ, கூடவே யு.எஸ். என்ற எழுத்துகளும் இருக்கும். குதிரைக்குப் பின்னால், தகட்டின் வாலில், ஊர்ப் பேரும் ஆண்டும். ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெரி இரண்டும் அரசு ஆலை. வேறு ஊர்கள் இருந்தால் ஒப்பந்தக்காரர்: மில்பரி என்றால் அசா வாட்டர்ஸ், பிட்ஸ்ஃபீல்டு என்றால் லெமுவல் பாமராய், மிடில்டவுன் என்றால் நேதன் ஸ்டார் அல்லது ராபர்ட் ஜான்சன். பருத்தி ஜின் இயந்திரத்தால் பேர் பெற்ற எலி விட்னியும் இந்தத் தொழிலில் இருந்தவர்தான், 1798-இல் 10,000 மஸ்கட் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டு, அதைக் கொடுத்து முடிக்க 1809 ஆகிவிட்டது. இவ்வளவு ஒப்பந்தக்காரர்கள் எதற்கு என்றால், 1808-இல் மாநிலப் படைகளுக்கு ஆயுதம் கொடுக்க ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள், அரசு ஆலைகள் மட்டும் செய்து கட்டுப்படியாகவில்லை.

அப்புறம் குழலின் பின்நுனி. குழல் கட்டையில் திருகோடு பதியும் வாலில் இன்னொரு ஆண்டு இருக்கும். பூட்டில் உள்ள ஆண்டும் இதுவும் ஒன்றாகவோ ஓராண்டு முன்பின்னாகவோ இருந்தால் நல்லது. பத்தாண்டு வித்தியாசம் என்றால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. குழலின் பின்பகுதியில் சோதனை முத்திரை இருக்கும், அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்துத் தேறியது என்பதற்கு. பூட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், கட்டையின் இடது புறத்தில், முட்டை வடிவத்துக்குள் இரண்டு மூன்று எழுத்து தெரிகிறதா? அது ஆய்வாளரின் கையெழுத்துச் சுருக்கம். மரத்தில் அழுத்தியது என்பதால் மணல்தாள் ஒருமுறை போனாலே காணாமல் போய்விடும். அந்த முட்டை முத்திரை தெளிவாக இருக்கும் துப்பாக்கியைப் பார்த்தால், இதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

கட்டையிலும் குழலிலும் மாநிலத்தின் பேர் இருக்கலாம், ஓஹையோ, நியூ ஜெர்சி என்று. தனி ஆள் கத்தியால் செதுக்கிய எழுத்துகளும் இருக்கும். இவை எதையும் அழுக்கு என்று நினைக்காதீர்கள்.

இதிலெல்லாம் வரிசை எண் தேடாதீர்கள், 1816 மாடலில் கிடையாது. வரிசை எண்ணும், குழலின் அடியில் இத்தாலியச் சோதனை முத்திரையும் இருந்தால் அது போர் நாடகம் நடத்துபவர்களுக்காக நம் காலத்தில் செய்த நகல். நல்ல நகல்தான், சுடுவதற்கு அதைத்தான் வாங்க வேண்டும், பழம்பொருள் விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பிளிண்ட்லாக்கா, மாற்றியதா, மாற்றித் திரும்ப மாற்றியதா

புதியவர்கள் பணத்தைக் கோட்டை விடுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மழை பெய்தால் கிண்ணத்து மருந்து நனையும், நனைந்தால் பிளிண்ட்லாக் வெறும் தடி. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஜனவரி 19 அன்று கென்டக்கியில் மில் ஸ்பிரிங்ஸ் சண்டை நடந்தபோது மழை. தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் பலர் கையில் இருந்தது பழைய பிளிண்ட்லாக். சுட முயன்று சுட முயன்று முடியாமல், ஆத்திரத்தில் துப்பாக்கியை வேலியில் அடித்து உடைத்தவர்களும் உண்டு. இந்தத் தொல்லைக்கு மருந்து செப்புத் தொப்பி. அடித்தால் தானே வெடிக்கும் ரசாயனம் அடைத்த, சட்டைப் பொத்தானைவிடச் சின்னத் தொப்பி. 1840-களிலும் 50-களிலும் அரசு தன் ஆயுதச்சாலைகளில் இருந்த ஏராளமான பிளிண்ட்லாக்குகளைத் தொப்பி முறைக்கு மாற்றியது. அதனால் இன்று 1816 மாடல் ஒன்று கிடைத்தால் அது மாற்றப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மாற்றும் முறை மூன்று விதம். குழலின் மேலேயே துளை போட்டு, தொப்பி உட்காரும் குமிழை நேராகத் திருகுவது ஒன்று. அரசு ஆயுதச்சாலைகள் அதிகம் செய்தது இதுதான். பழைய பற்றவைக்கும் துளையை அடைத்திருப்பார்கள், கிண்ணத்தை வெட்டிவிட்டு, பூட்டுத் தகட்டில் ஃப்ரிஸன் இருந்த திருகுத் துளைகளை நிரப்பியிருப்பார்கள். பழைய துளை இருந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு உருளையைத் திருகி அதன்மேல் குமிழ் வைப்பது இரண்டாவது, ஊர்க் கொல்லர்களுக்கு எளிது. குழலின் பின்பகுதியையே புதிதாகச் செய்து பொருத்துவது மூன்றாவது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் நியூ ஜெர்சிக்காக நியூவர்க் நகரத்து ஹியூஸ் அண்ட் ஃபிலிப்ஸ் செய்தது இந்த மாதிரி வேலை.

சரி, மாற்றியது என்றால் மதிப்பு இல்லையா? விலை குறைவு, ஆனால் போரைப் பார்த்தது பெரும்பாலும் அதுதான். பிரச்சினை வேறு. மாறாத பிளிண்ட்லாக்குக்கு விலை அதிகம் என்பதால், மாற்றியதை மறுபடி பிளிண்ட்லாக் ஆக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். புதிய ஃப்ரிஸன், புதிய கிண்ணம், புதிய குதிரை எல்லாம் பாகங்களாகவே கிடைக்கின்றன. விற்பவர் இதைச் சொல்லிவிட்டு விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பதைக் கண்டுபிடிக்கத்தான் டார்ச்.

குழலின் பின்பகுதி மேல்புறத்தில் ஒளியைச் சாய்த்துப் பிடித்து, வட்டமாக ஒரு மெல்லிய கோடு தெரிகிறதா பாருங்கள். காசு அளவு வட்டம், சுற்றிலும் உள்ள இரும்பைவிட நிறத்தில் ஒரு சாயல் வித்தியாசம். தெரிந்தால் அங்கே குமிழ் இருந்து, எடுத்து அடைத்திருக்கிறார்கள். பற்றவைக்கும் துளையைச் சுற்றிப் பாருங்கள். நிஜமாகவே சுட்ட பிளிண்ட்லாக்கில் அந்த இடம் நெருப்பு தின்று அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். குழல் முழுக்கத் தழும்பு, துளை மட்டும் புதுசாக வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அதேபோல பூட்டுத் தகடு தேய்ந்து மங்கி இருக்க, ஃப்ரிஸனும் குதிரையும் மட்டும் கூர்மையான விளிம்போடு இருந்தால் அவை ஒன்றாக வயதானவை அல்ல. கழற்றினால் இன்னும் நிச்சயமாகத் தெரியும்.

பூட்டைக் கழற்றுவது

இதை மட்டும் வீட்டில் செய்யலாம், வாங்கும்போது விற்பவர் அனுமதியோடு செய்யலாம். குதிரையைப் பாதி இழுப்பில் நிறுத்துங்கள். இடது பக்கத்தில் இரண்டு பெரிய திருகுகள். திருப்புளியின் நுனி அந்தக் காடிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், நீளத்திலும் கனத்திலும். வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு திருப்புளியைப் போட்டால் காடியின் உதடு பிய்ந்துவிடும், அடுத்த இருநூறு வருடத்துக்கு அது உங்கள் பேரைச் சொல்லும். அசையவில்லை என்றால் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருங்கள்.

இரண்டு திருகையும் நாலைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுசாக எடுக்காதீர்கள். பிறகு அந்தத் திருகுத் தலைகளின்மேல் மரப்பிடியால் மாறி மாறி மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கத்தில் பூட்டு தானாக மேலே எழும். கத்தியோ திருப்புளியோ வைத்து நெம்பினால் மரத்தின் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும், எத்தனையோ துப்பாக்கிகளில் பூட்டைச் சுற்றிப் பார்க்கும் சில்லுகள் அப்படி வந்தவை. பூட்டு எழுந்ததும் திருகுகளை முழுசாக எடுக்கலாம், ஆனால் எடுத்த திருகு எந்தத் துளையில் இருந்ததோ அந்தத் துளைக்கே போக வேண்டும். அட்டையில் பூட்டின் படம் வரைந்து, அதிலேயே துளை போட்டுக் குத்தி வையுங்கள். இந்தத் துப்பாக்கிகளின் பாகங்கள் ஒவ்வொன்றும் அரத்தால் ராவிப் பொருத்தியவை, ஒன்றின் திருகு இன்னொன்றுக்குச் சேராது. அரசு ஆலைகள் இரண்டிலும் பாகங்களை மாற்றி மாற்றிப் போடும்படி செய்த முதல் மஸ்கட் 1842 மாடல், அது பிளிண்ட்லாக் அல்ல.

உள்ளே கண்ணால் பாருங்கள், விரலால் வேண்டாம். பெரிய வில் அழுத்தத்தில் இருக்கிறது, அதைக் கழற்றத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். தகட்டின் உட்புறத்தில் நிரப்பிய துளைகளின் வட்டம் தெரிகிறதா? அதுதான் நாம் தேடியது. பாகங்களில் சின்ன அரக்கீறல்கள், ஒற்றை எழுத்துகள் இருக்கும். சேர்த்துப் பொருத்திய தொழிலாளி, எது எதோடு என்று மறக்காமல் இருக்கப் போட்ட அடையாளம். எல்லாப் பாகத்திலும் ஒரே அடையாளம் வந்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

குதிரையின் வாயில் பழைய கல் இருந்தால் அதைச் சுற்றி மடித்த ஈயத் தகடோ தோல் துண்டோ இருக்கும். அதையும் அப்படியே விடுங்கள். குழலின் பின்வாயை அடைக்கும் பின்மூடித் திருகைக் கழற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம், பிடிகருவியில் இறுக்கிக் குழலை முறுக்கிக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

துடைப்பது, வைப்பது

தளர்ந்த தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் வியர்வையின் உப்பு ஒரே இரவில் ரேகையோடு துருவாகப் படியும். இரும்பில் செம்மண் நிறத்தில் பொடியாக உதிரும் துரு உயிரோடு இருப்பது, அதை லேசான எண்ணெயில் தோய்த்த பருத்தித் துணியால் பொறுமையாக எடுங்கள். உதிராத, வழவழப்பான பழுப்பு நிறத்தைத் தொடாதீர்கள். பித்தளையைப் பளபளப்பாக்க வேண்டாம். எல்லாம் முடிந்ததும் இரும்புக்கும் மரத்துக்கும் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு மெல்லிய ஒரு பூச்சு, போதும். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் போடச் சொல்வார்கள். அது அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருடா வருடம் கறுத்துக்கொண்டே போகும்.

கணப்புக்கு மேல் மாட்டும் பழக்கம் நியூ இங்கிலாந்து வீடுகளில் நிறைய. புகை, சூடு, மேலும் கீழும் மாறும் ஈரம், மூன்றும் வால்நட் கட்டைக்குப் பகை. அடித்தளத்திலும் வேண்டாம், ஈரம். தோல் உறை, நுரை வைத்த பை இரண்டும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்ட வைக்கும். வெளிச்சம் நேரே படாத உள்சுவரில், துணி சுற்றிய இரண்டு முளைகளில் படுக்க வையுங்கள். காற்றின் ஈரம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது.

சுட்டுப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். கன்ஸ்மித் தேறியது என்று சொன்னாலும் வேண்டாம். வெறும் குதிரையை இழுத்து இழுத்து விடவும் வேண்டாம், அதில் உடைந்த பழைய குதிரைக் கழுத்துகள் நிறைய.

எழுதி வைப்பது

ஒரு நோட்டில் நீளம், எல்லா முத்திரையும், அவற்றின் இடம், எங்கே யாரிடம் கிடைத்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சாய்ந்த ஒளியில் படம் எடுத்து அதோடு வையுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை 1968-இல் மூடப்பட்டு, இப்போது தேசியப் பூங்காத் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே போய், கண்ணாடிக்குப் பின்னால் உள்ளதோடு உங்கள் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஏலப் பட்டியலைவிடவும் அது அதிகம் கற்றுத்தரும்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனோம். கம்பு துளை வரை போனது, உள்ளே காலி. பூட்டில் ஸ்பிரிங்ஃபீல்டு, 1826. குழல் வாலிலும் 1826. மாற்றவே படாத பிளிண்ட்லாக், துளையைச் சுற்றித் தழும்பு. நடுப்பட்டையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தபோது, கை படாத அந்த இடத்திலும் அதே காப்பிக்கொட்டை நிறம், ஒரே சீராக, மெல்லிய மினுமினுப்போடு இருந்தது. 1820-களில் 1816 மாடல் துப்பாக்கிகளுக்கு ஆலையிலேயே பழுப்புப் பூச்சு கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அவர் தேய்த்து எடுக்க நினைத்தது அந்தப் பூச்சை. அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மகள்தான் டார்ச்சை வாங்கிக் கட்டையின்மேல் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, இங்க ரெண்டு எழுத்து இல்ல, மூணு இருக்கு" என்றாள்.